இடது கையால வாங்கிறவன்

காசு லொறியில வேலை செய்யிறவன் எதையும் இடது கையாலதான் வாங்கவேணும். வலது கை றிவோல்வருக்கு நேர்ந்துவிட்ட கை. வங்கிக்கும் கடைக்கும் ஏரிஎம் மெசினுக்கும் காசுப்பை காவிறதுதான் எங்கட தொழில். பை இடது கையில, கதவைத் திறக்கிறது இடது கையால, அடையாள அட்டையை நீட்டுறதும் இடது கையால. வலது கை இடுப்படியில சும்மா இருக்கவேணும். அது சும்மா இருக்கிறதுக்குத்தான் சம்பளம்.

நீங்களும் இந்த ரொறன்ரோவில ஏதோ ஒரு யூனிபோம் போட்டவையாய்த்தான் இருப்பியள். கோப்பை கழுவினவை, கட்டடக் காவலுக்கு நிண்டவை, பெற்றோல் ஸ்ரேசனில குளிருக்க நிண்டவை எல்லாருக்கும் ஊரில கேட்டால் சொல்லுற வேலை ஒண்டு, உண்மையில செய்யிற வேலை ஒண்டு எண்டு இரண்டு இருந்திருக்கும். நான் ஊருக்குச் சொல்லுறது "செக்கியூரிற்றி". மற்றது இடுப்பில தொங்குது. சின்னச் சாமான்தான். ஆறு குண்டு, இலேசான உடம்பு, கனடாச் சட்டம் விடுகிற ஆகக் கட்டையான குழல். அதுக்கும் கட்டையாய் வைச்சிருந்தால் மறியலுக்குள்ள போடுவினம். என்ரை சொந்தமில்லை, கொம்பனியின்ரை. காலமை அலுமாரியைத் திறந்து எடுத்துத் தருவினம், வேலை முடியத் திருப்பிக் குடுத்திட்டு வரவேணும். துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடி வந்தவன் துவக்குக் காவிச் சம்பளம் எடுக்கிறன் எண்ட வெக்கத்தைத்தான் எந்த அலுமாரியில பூட்டிறது எண்டு தெரியேல்லை.

முதல் வெடி

வேலைக்கு எடுத்த புதுசில, நகரத்துக்கு வடக்கால வயல்வெளிக்கு நடுவில இருக்கிற சுட்டுப் பழகிற இடம் ஒண்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனவை. பழக்க வந்தவர் பென்சன் எடுத்த பொலிஸ்காரர், தாடி வைச்ச வெள்ளைக்காரர். றிவோல்வரைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரு றாத்தல் பாணைத் தூக்கின மாதிரி இருந்தது. இவ்வளவுதானோ எண்டு நினைச்சன். இலேசு எண்டு நம்பாதேங்கோ, இலேசான சாமான்தான் கையைக் கூடுதலாய் உதைக்கும் எண்டு அவர் விளங்கப்படுத்தினார். நான் அதைத் திருப்பி மேசையில வைச்சிட்டு, எல்லாம் விளங்கின ஆள் மாதிரித் தலையாட்டினன்.

பக்கத்தில நிண்டவர் முதல் வெடியை வைச்சார். நான் எங்க? நான் நிலத்தில. இரண்டு கையாலும் காதைப் பொத்தி, முழங்கையை ஊண்டி, வாயை ஆவெண்டு திறந்துகொண்டு குப்புறப் படுத்திருக்கிறன். ஊரில ஷெல் அடிக்கேக்க பழகின படுக்கை. உடம்பு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன்ரை பாட்டில செய்துபோட்டுது. எல்லாரும் சுடுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிக்கினம். எழும்பி முழங்காலைத் தட்டேக்க முகமெல்லாம் கொதிச்சுது. பழக்க வந்த மனுசன் சிரிக்கேல்லை. கிட்ட வந்து தோளில கையை வைச்சுச் சொன்னார்:

"பயப்பிடாதையும், இஞ்ச சுடுறது நாங்கள்தான்."

வதனா போட்ட நிபந்தனை

வதனா என்ரை மனுசி. மார்க்கம் நகரத்தில நான் வேலை செய்த தொழிற்சாலை மூடுபட்டு, வேலை தேடி அலைஞ்சு, கடைசியில இது கிடைச்சதை அவவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. காரணம் இருக்கு. எண்பதுகளின்ரை கடைசியில அவவின்ரை சின்னண்ணனை வீட்டுப் படலையடியில வைச்சுச் சுட்டுப்போட்டினம். வந்தவன் தெரிஞ்சவன், சின்னண்ணனோட ஒரே வகுப்பில படிச்சவன். தண்ணி கேட்டிருக்கிறான். பள்ளிக்கூடத்தால வந்து சட்டையும் மாத்தாமல் நிண்ட வதனாதான் செம்பில கொண்டுபோய்க் குடுத்தவ. குடிச்சு முடிச்சு, செம்பைத் திருப்பிக் குடுத்திட்டு, அண்ணனை ஒருக்காக் கூப்பிடும் எண்டிருக்கிறான். இவதான் கூப்பிட்டவ. அவன் எந்தப் பக்கத்து ஆள் எண்டு நான் இதில எழுதேல்லை. செத்தவனுக்கு எந்தப் பக்கமெண்டாலும் ஒண்டுதான். அவன் சேட்டுக்குள்ள செருகிக்கொண்டு வந்ததும் இப்பிடி ஒரு கட்டைச் சாமான்தான்.

கலியாணம் கட்டின புதுசில இதை ஒருக்காச் சொன்னவ. பிறகு அந்தக் கதை எங்கட வீட்டில எடுபட்டதேயில்லை. அப்பிடிப்பட்டவவுக்கு முன்னால நிண்டு, இடுப்பில என்ன தொங்கும் எண்டு நான் சொல்லவேணும். சொன்னன். அவ அடுப்பை நிப்பாட்டினா, கையைத் துடைச்சா. அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. யோசிச்சு ஒரு நிபந்தனை போட்டா. அண்டு தொடக்கம் நான் காவல் காக்கிறது காசுப்பையை இல்லை, அவவின்ரை அந்தச் சொல்லைத்தான். யூனிபோமை வேலையிடத்திலேயே கழட்டிப் பூட்டிப்போட்டு வருவன். லொறி ஸ்காபரோப் பக்கம் திரும்பினால் தெருவில போற ஒவ்வொரு பொம்பிளையின்ரை முகத்தையும் பார்ப்பன். அவ சொன்னதை அப்பிடியே தாறன்:

"வேலைக்குப் போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் உதோட உங்களை நான் ஒருநாளும் காணக் கூடாது."

திருநீறு

எங்கட றூட்டில ஒரு சின்னக் கோயில் இருந்தது. பழைய பண்டசாலைக் கட்டடம். வெளியில இருந்து பார்த்தால் ரயர் கடை, உள்ளுக்குப் பிள்ளையார். உண்டியல் காசை எடுக்கப் போகவேணும். கொம்பனிச் சட்டப்படி சப்பாத்தையும் கழட்ட ஏலாது, துவக்கையும் கழட்ட ஏலாது. கோயில்காரர் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சினம். நான் சப்பாத்துக்கு மேல நீலப் பொலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, சாமியின்ரை கண்ணில படாமல், மடைப்பள்ளிப் பக்கத்தால ஒஃபிசுக்குள்ள போகவேணும். பிள்ளையாருக்கும் எனக்கும் இடையில ஒரு சுவர் இருந்தால் குற்றமில்லை எண்டு முடிவு.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வழியில ஐயர் திருநீற்றுத் தட்டோட எதிர்ப்பட்டார். வெறும் நெத்தியோட போற தமிழ்ப் பிள்ளையைக் கண்டவுடன அள்ளி நீட்டினார். நான் இடது கையை நீட்டினன். அவரின்ரை கை அந்தரத்தில நிண்டுபோச்சு. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பொம்பிளையளும் கத்தியை வைச்சிட்டுப் பார்க்கினம். வலது கையைக் குடு எண்டு மனம் சொல்லுது, கை அசையமாட்டன் எண்டு நிக்குது. "கையில காயம் ஐயா" எண்டு வாய் தன்ரை பாட்டில ஒரு பொய்யை எடுத்துவிட்டுது. சாமிக்குப் பக்கத்துச் சுவரோட நிண்டு சொன்ன பொய். ஐயர் இரக்கப்பட்டு, தானே என்ரை நெத்தியில பூசிவிட்டார். பூசிப்போட்டுச் சொன்னார்:

"கை சுகமானாப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வாங்கோ தம்பி, உங்கட பேருக்கு ஒரு அர்ச்சனை செய்வம்."

மாலை

என்ரை பார்ட்னர் டெஸ்மண்ட் ஜமேக்காக்காரர், நல்ல மனுசன், இந்த வேலையில பழந்திண்டு கொட்டை போட்டவர். கக்கூசுக்குப் போனால் துவக்குப் பெல்ற்றை என்ன செய்யிறது எண்டு எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான். கொழுவியில தொங்கவிட்டால் மறந்துபோட்டு வந்திடுவாய், மறந்தால் வேலை அண்டைக்கே போச்சு, அதால கழுத்தில மாலையாய்ப் போட்டுக்கொள் எண்டார். அப்பிடியே செய்தன். ஒருநாள் ஒரு பிளாசாவில கக்கூஸ் கொளுக்கி சரியாய்ப் பிடிக்கேல்லை. வெளியில இருந்து ஒரு வயசுபோன வெள்ளைக்காரர் கதவைத் தள்ளினார். உள்ளுக்கு நான், இருக்கிற கோலத்தில, நெஞ்சில றிவோல்வர் தொங்க. மனுசன் இரண்டு கையையும் மேல தூக்கிப்போட்டார். கையைக் கீழ விடாமலே பின்னுக்குப் பின்னுக்குப் போய்ச் சொல்லுறார்:

"ஆறுதலாய் முடியுங்கோ சேர், எனக்கு ஒரு அவசரமுமில்லை."

கலியாணக் கார்ட்

சென் ஜேம்ஸ் ரவுணில ஒரு மாடிக் கட்டடத்தின்ரை அடியில சின்னக் கடை, அதுக்குள்ள ஒரு ஏரிஎம் மெசின். அதே கட்டடத்தில, வந்த புதுசில, நாங்கள் கொஞ்சப் பேர் ஒரு அறையில நெரிபட்டு இருந்தனாங்கள். அதில ஒருத்தன் சிவராசா. குளிருக்கு ஒரு போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்த கூட்டாளி. அவன் இன்னும் அங்கதான் இருக்கிறான். மெசினடியில என்னைக் கண்டிட்டு ஓடி வந்தான். மூத்த பிள்ளைக்குக் கலியாணமாம். கோட்டுக்குள்ள இருந்து மூலையில மஞ்சள் பூசின கார்ட்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

வேலை நேரத்தில ஆரோடையும் நிண்டு கதைக்கக் கூடாது. கதைச்சாலும் வலது கை அசையக் கூடாது. நான் அவனைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு இடது கையை நீட்டினன். அவன் என்ரை இடக்கையைப் பார்த்தான். பிறகு வலக்கை எங்க இருக்குதெண்டு பார்த்தான். கார்ட்டை என்ரை கையில வைக்கேல்லை. மெசினுக்கு மேல வைச்சான். கலியாணத்துக்குப் போனனாங்கள்தான், வதனாவுக்குக் கார்ட் தபாலில வந்ததெண்டு சொன்னன். அவன் மெசினடியில சொல்லிப்போட்டுப் போனதைச் சொல்லேல்லை:

"ஒரு போர்வைக்குள்ள படுத்த எனக்கு இடக்கையை நீட்டுறாய் என்ன, மச்சான்."

விழுந்த அன்ரி

இதை எழுதுறதோ விடுறதோ எண்டு கனக்க யோசிச்சன். பனிக்காலம், ஒரு பிளாசா, என்ரை இடது கையில பை. லொறிக்கும் எனக்கும் இடையில ஒரு அன்ரி ஐசில சறுக்கி விழுந்தா. சீலைக்கு மேல கோட், கையில மரக்கறிப் பை. வெண்டிக்காய் எல்லாம் சிதறிப் போச்சு. என்னைப் பார்த்துக் கையை நீட்டினா. பையோட நிக்கேக்க ஆர் விழுந்தாலும் குனியாதை, விழுந்தது நடிப்பாயும் இருக்கலாம் எண்டு எங்களுக்குப் பழக்கினவை. ஊரில என்ரை தாயின்ரை வயசு வரும் அவவுக்கு. சீலையோட ஐசில கிடந்து ஆர் நடிக்கப் போயினம், சொல்லுங்கோ?

நான் குனியேல்லை. சுத்திவர நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு, கையை இடுப்பில வைச்சபடி, அவவைச் சுத்திக்கொண்டு லொறிக்குப் போனன். போகேக்க "இப்ப ஆக்கள் வருவினம் அன்ரி" எண்டு தமிழில சொல்லிப்போட்டன். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம். கடைக்குள்ள இருந்து ஆக்கள் ஓடி வந்து தூக்கிவிட்டவை. பெரிசாய் அடிபடேல்லை. ஆனால் லொறிக் கதவு பூட்டுபட முன்னம் அவ எனக்குப் பின்னால கேட்டது இப்பவும் காதுக்குள்ள நிக்குது:

"தம்பி, நீர் தமிழ் ஆள்தானே?"

கராஜ்

வதனாவின்ரை ஒண்டுவிட்ட தம்பி காண்டீபன் மார்க்கத்தில வீடு விக்கிற ஏஜன்ட். அவன்ரை வீட்டில ஒரு பிறந்தநாள். பொம்பிளையள் உள்ளுக்கு, பிள்ளையள் கீழ்வீட்டில, ஆம்பிளையள் வழமைபோல கராஜுக்குள்ள விஸ்கியோட. அங்க நான்தான் அண்டைக்கு மாப்பிள்ளை. அத்தான், உது பாரமோ? அத்தான், உது எத்தினை வெடி வைக்கும்? உறையுக்க இருந்து எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒருத்தர் தன்ரை தொப்பையைத் தடவிக்கொண்டு, இப்ப இஞ்ச கைத்துவக்குப் புதுசாய் வாங்க விடாயினமாம், இல்லாட்டித் தானும் ஒண்டு எடுத்திருப்பாராம் எண்டு கவலைப்பட்டார். வேலைக்கு வெக்கப்படுறவன், வெக்கம் கெட்டுப்போய், எழும்பி நிண்டு காட்டினன். இடது கால் முன்னுக்கு, முழங்கை பின்னுக்கு, கை இடுப்பில. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கினம். உண்மையைச் சொல்லுறன், எனக்கு அது பிடிச்சிருந்தது.

உள்கதவு திறந்தது. ரோல்ஸ் காணுமோ, இன்னும் கொண்டு வரட்டோ எண்டு வதனாவின்ரை குரல் கேட்டுது. நான் கையை விழுத்திப்போட்டுக் கதிரையில இருந்திட்டன். அவ எட்டிப் பார்க்க முன்னம் ஆரோ காணும் எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினது என்ரை நல்ல காலம். அந்தப் பதற்றத்தில காண்டீபன் நீட்டின கிளாசை எந்தக் கையால வாங்கினன் எண்டு கவனிக்கேல்லை. குடிச்சிட்டுத்தான் பார்த்தன், கிளாஸ் இடது கையில இருக்குது, வலது கை இடுப்படியில ஒண்டுமில்லாத இடத்தைத் தடவிக்கொண்டு கிடக்குது. கராஜ் முழுக்கச் சிரிப்பு. காண்டீபன் சொன்னான்:

"அத்தான், வேலை முடிஞ்சுபோச்சு, இனியாவது வலது கையைத் தாங்கோ."

பின் கதவு

வதனா ஸ்காபரோவில எங்கட ஆக்களின்ரை பெரிய பலசரக்குக் கடை ஒண்டில கவுன்ரரில நிக்கிறா. அந்தக் கடை முதலாளி எங்கட கொம்பனியோட ஒப்பந்தம் செய்திட்டார் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே, ஆரார் எங்க போறது எண்டு பிரிச்சுவிடுகிற டிஸ்பாச்சரிட்டைப் போய்க் கெஞ்சி, அந்தக் கடையை மற்ற லொறிக்கு மாத்திப்போட்டன். வதனாவிட்டையும் சொன்னன், பயப்பிடாதையும், அங்க நான் வரமாட்டன் எண்டு. அவ தலையாட்டினா.

மாசியில ஸ்னோ கொட்டின நாளொண்டில மற்ற லொறி நெடுஞ்சாலையில இறுகிப்போச்சு. இண்டைக்கு மட்டும் நீங்கள் போங்கோ எண்டு றேடியோவில உத்தரவு வந்தது. டெஸ்மண்டை இறங்கச் சொல்லிக் கெஞ்சினன். அண்டைக்கு அவர்தான் ட்றைவர், ட்றைவர் லொறியைவிட்டு இறங்கேலாது. சரி, வதனா முன்னுக்குக் கவுன்ரரில நிப்பா, காசு அறை பின்னுக்கு, அதுக்குள்ள மனேச்சர் இருப்பார், பின் கதவால போய்ப் பின் கதவால வந்திடலாம் எண்டு நினைச்சுக்கொண்டு, வெங்காய மூட்டையளுக்கு நடுவால போய்க் காசு அறைக் கதவைத் தட்டினன். ஸ்னோவில இறுகினது மற்ற லொறி மட்டுமில்லை, மனேச்சரின்ரை காரும்தான். கதவைத் திறந்தது வதனா.

அவ அடையாள அட்டையைக் கேட்டா. அதுதான் ஒழுங்கு, தெரிஞ்ச ஆள் எண்டாலும் கேட்கவேணும். நான் இடது கையால நீட்டினன். எத்தினையோ வருசம் ஒரு வீட்டில இருக்கிற மனுசனின்ரை முகத்தைப் படத்தோட ஒத்துப் பார்த்தா. கையெழுத்து வைச்சா. பையைத் தள்ளிவிட்டா. எனக்கு இருமல் வந்து நிக்கேல்லை. அவ மேசையில இருந்த தன்ரை போத்திலைத் திறந்து, ஒரு கோப்பையில தண்ணி ஊத்தி நீட்டினா. வாங்கிக் குடிச்சன். திருப்பிக் குடுக்கேக்கதான் கண்டன், அவ என்ரை முகத்தைப் பார்க்கேல்லை. துவக்கையும் பார்க்கேல்லை. கோப்பை பிடிச்ச என்ரை கையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. வதனா எண்டு கூப்பிட்டன். அவ கோப்பையை வாங்கி வைச்சிட்டு, மெல்லமாய்ச் சொன்னா:

"அவனும் இடக்கையாலதான் வாங்கிக் குடிச்சவன்."

சின்னண்ணனின்ரை கதையில இந்தப் பகுதியை அவ எனக்கு முந்தி ஒருநாளும் சொன்னதில்லை. அவ சொன்னாப் பிறகும் நான் வலது கையை இடுப்பால எடுக்கேல்லை, பாருங்கோ. பையைத் தூக்கிக்கொண்டு, பழக்கின மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வெளிய வந்தன். ஐயருக்கும் சிவராசாவுக்கும் விழுந்த அன்ரிக்கும் பட்ட வெக்கமெல்லாம் ஒரு வெக்கமில்லை எண்டு லொறிக்குள்ள ஏறி இருந்தாப் பிறகுதான் விளங்கிச்சுது. டெஸ்மண்ட் என்ரை முகத்தைப் பார்த்திட்டு லொறியை எடுத்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, வேலையை விடட்டோ எண்டு கேட்டன். அவ தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால நீட்டிக்கொண்டு நிண்டா.

வேலையில ஒரு வெடியும் வைக்காத கட்டைச் சாமானை இவ்வளவு காலம் காவி நான் பழகின ஒரே தற்காப்பு, வீட்டில தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிறதுதான்.